ஒரு பல் இறுக்கம்

இந்தப் பக்கத்தை வாராவாரம் தேடிப் புரட்டுகிறவர்களுக்கு வாலுவைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. இன்றுதான் முதல் முறையாகத் திறந்தவர்களுக்காக இரண்டு வரி. வாலு என்பது வீட்டார் வைத்த செல்லப்பெயர். கல்யாணமாகி ஒரு வருடம் ஓடிய பிறகும் அது அவளை விடவில்லை. போன வாரம் அண்ணன் வீட்டு வாசலில் பெட்டியோடு வந்து இறங்கினாள். சும்மா இரண்டு நாள் இருந்துவிட்டுப் போகிறேன் என்றாள். பெட்டியில் மழைக்கோட்டு, கம்பளிச் சட்டை, படித்த சான்றிதழ்கள் வரைக்கும் இருந்தன. இரண்டு நாள் விருந்துக்கு யாரும் சான்றிதழைத் தூக்கிக்கொண்டு வருவதில்லை.

திரும்பிப் போவதில்லை என்று முடிவு கட்டிக்கொண்டுதான் வந்திருந்தாள். அது அவளுக்கும் நமக்கும் மட்டும் தெரியும். அண்ணனிடம் சொல்வதற்கு அவளுக்கு ஒரு காரணம் வேண்டியிருந்தது. புருஷன் வீடு சரியில்லை என்று மூக்கைச் சிந்திக்கொண்டு நிற்க அவளுக்கு மனமில்லை. 'உன் வேலைக்கு நான் தேவை, அதனால் இருக்கிறேன்' என்று நிமிர்ந்து சொல்ல வேண்டும். அப்படிச் சொல்ல அந்த வீட்டில் அவளுக்கு ஒரே ஒரு இடம்தான் உண்டு. பின்னறையில் கிடந்த அந்த நாற்காலி.

அண்ணனுக்குப் பிழைப்பு லிப்ட் பழுது பார்ப்பது. மற்ற நேரமெல்லாம் பின்னறையில்தான். வீட்டிலேயே ஸ்டியரிங்கும் பெடலும் பெரிய திரையும் வைத்துக்கொண்டு கார்ப் பந்தயம் ஓட்டுகிறவர்கள் இருக்கிறார்கள் அல்லவா, அவர்களுக்குத் துணைச் சாமான் செய்து கொடுப்பான். திரையில் கார் பறக்கும், நாற்காலி மட்டும் கல்லுப்பிள்ளையாராக உட்கார்ந்திருக்கும். அந்தக் குறையைத் தீர்ப்பதுதான் அவன் வேலை.

நாற்காலியின் முதுகில் ஒரு தகடு. அதில் தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிதாக, சொன்ன அளவுக்கு மட்டும் திரும்பி நிற்கிற இரண்டு சர்வோ மோட்டார்கள். ஒவ்வொன்றின் அச்சிலும் ஒரு குட்டிக் கை. அந்தக் கையில் தோள்மேல் வரும் பெல்ட்டின் நுனி. விளையாட்டில் பிரேக் அடித்தால் இரண்டு கைகளும் சேர்ந்து இழுக்கும், நிஜக் காரில் பெல்ட் தோளைப் பிடிப்பது போலவே இருக்கும். வளைவில் திரும்பினால் ஒரு தோள் மட்டும் இறுகும்.

மோட்டார்களை ஆட்டுவிக்கிற பெட்டி ஒன்றைச் செய்து முடித்தால், சோதனை முடியாமல் அது வீட்டைவிட்டு வெளியே போகாது. அதை இந்த நாற்காலியின் மோட்டார்களோடு இணைத்து, ஒருவரை உட்கார வைத்து, கண்ணைத் துணியால் கட்டிவிடுவான் அண்ணன். பதிவு செய்து வைத்த ஒரு சுற்றை ஓட விடுவான். திரையைப் பார்க்காமல், பெல்ட் இழுக்கிற இழுப்பை மட்டும் வைத்து, கார் இப்போது எந்த வளைவில் இருக்கிறது என்று உட்கார்ந்தவர் சொல்ல வேண்டும். ஒரு வளைவு தப்பினாலும் பெட்டி மறுபடி மேஜைக்குப் போகும்.

தொடங்கின நாளிலிருந்து அந்த நாற்காலி வாலுவினுடையது. வளைவுகளுக்கெல்லாம் பெயர் வைத்தவளே அவள்தான். பட்டென்று பிடித்து இழுப்பது 'வாத்தியார்'. நீளமாக, மெதுவாக இறுகிக்கொண்டே போவது 'தூங்குமூஞ்சி'. விட்டுவிட்டு உதறுவது 'ஜலதோஷம்'. விற்கிற பெல்ட்டுகளில் நீளத்தைக் கூட்டிக் குறைக்கக் கொக்கி உண்டு. இந்த நாற்காலியில் அது கிடையாது. பெல்ட்டின் நீளமும் மோட்டார்க் கையின் இருப்பும் வாலுவின் தோளுக்கு அளந்து நிலையாக வைத்தவை. மற்ற எல்லாவற்றுக்கும் அதுதான் அளவுகோல்.

இப்படிப்பட்ட ராஜ்யத்தை விட்டுவிட்டுத்தான் அவள் கல்யாணம் பண்ணிக்கொண்டு போனாள். போன மறுமாதமே அங்கே அண்ணி ஏறி உட்கார்ந்துவிட்டாள்.

*

இன்றைக்குப் பிற்பகலில் ஒரு விளையாட்டுக்கூடக்காரர் வருவதாக இருந்தது. ஊருக்குள் காசு கொடுத்துக் கார்ப் பந்தயம் ஓட்டுகிற பெரிய கூடம் வைத்திருப்பவர். அண்ணனின் சாமானைச் சோதித்துப் பார்த்து, பிடித்தால் தன் நாற்காலிகள் அத்தனைக்கும் மாட்டிக்கொள்ளப் போகிறார்.

காலைச் சாப்பாட்டின்போது அண்ணன் அதைப் பற்றியே பேசினான். வாலு தட்டைப் பார்த்துக்கொண்டு காத்திருந்தாள். 'வாலு வந்திருக்கிறாள், அவளே உட்காரட்டும்' என்று சொல்லுவான் என்று நினைத்தாள். அவன் அதைச் சொல்வதற்கு வசதியாக ஒருமுறை தொண்டையைக்கூடக் கனைத்துப் பார்த்தாள். அவன் தண்ணீரை அவள் பக்கம் தள்ளினான்.

"நீ ரெண்டு மணிக்குள்ள வந்துடு. அவர் வர்றதுக்கு முன்னாடி ஒரு தடவை உட்கார்ந்து பார்த்துடலாம்" என்று அண்ணியிடம் சொன்னான்.

அண்ணிக்குப் பயணப்பை தைக்கிற பட்டறையில் வேலை. கனமான நாடாக்களைத் தைப்பதில் கைகாரி. நாற்காலியின் பெல்ட் நைந்து போனபோது புதிதாகத் தைத்துப் போட்டதும் அவள்தான். அரை நாள் லீவு சொல்லிவிட்டதாகத் தலையாட்டினாள். அப்புறம் வாலுவின் பக்கம் திரும்பி, இன்னொரு இட்லி போட்டுக்கொள்ளேன் என்றாள். வயிறு நிறைந்துவிட்டது என்று வாலு எழுந்தாள். உண்மையில் அவளுக்கு வயிறு எரிந்துகொண்டிருந்தது.

அண்ணனுக்கு அப்போதே போன் வந்தது. எங்கோ ஒரு கட்டடத்தில் லிப்ட் பாதியில் நின்றுவிட்டதாம். சட்டையை மாட்டிக்கொண்டே ஓடினான். பின்னாலேயே அண்ணியும் பட்டறைக்குக் கிளம்பினாள். வீட்டில் வாலுவும் நாற்காலியும் மட்டும் மிஞ்சினார்கள்.

வந்ததிலிருந்து பின்னறைக்குள் அவள் கால் வைக்கவில்லை. யாராவது கூப்பிடட்டும் என்ற வீம்பு. இப்போது கூப்பிட ஆளில்லாததால் தானாகவே போனாள்.

அறை சுத்தமாக இருந்தது. அதுவே அவளுக்குப் பிடிக்கவில்லை. அவள் காலத்தில் தரையெல்லாம் கம்பித் துண்டும் திருகுமாகக் கிடக்கும். இப்போது ஊறுகாய்ப் பாட்டில்களில் திருகுகள் அளவுவாரியாக நின்றன. சாலிடரிங் கம்பி ஆணியில் தொங்கியது. நாற்காலியின் கைப்பிடிக்கு யாரோ உறை தைத்துப் போட்டிருந்தார்கள். யாரோ என்ன யாரோ, அண்ணிதான்.

நாற்காலியில் உட்கார்ந்தாள். பெல்ட்டை எடுத்துத் தோளில் போட்டு நடுவில் பூட்டினாள்.

தளர்வாக இருந்தது.

ஒருமுறை அவிழ்த்து மறுபடி பூட்டிப் பார்த்தாள். அப்போதும் தளர்வு. முன்பெல்லாம் பெல்ட் அவளைச் சட்டை மாதிரி கச்சிதமாகப் பிடிக்கும். இப்போது அடுத்தவர் சட்டையைப் போட்டுக்கொண்ட மாதிரித் தோளில் தொங்கியது.

எழுந்து போய் நாற்காலியின் முதுகுப் பக்கம் குனிந்து பார்த்தாள். பார்த்ததும் காது சூடாகிவிட்டது.

மோட்டாரின் கையை அச்சோடு பிடித்து வைப்பது ஒரு சின்னத் திருகு. நாற்காலி உதறுகிற உதறலில் அது கழன்றுகொள்ளாமல் இருக்க, முடுக்கிய பிறகு அதன் தலையில் ஒரு பொட்டு நெயில் பாலிஷ் வைப்பது அந்த அறையின் வழக்கம். திருகு அசைந்தால் பொட்டு விரிந்து காட்டிக் கொடுத்துவிடும். அந்த வழக்கத்தைக் கொண்டுவந்தவளும் வாலுதான், சிவப்பு நெயில் பாலிஷ். அவள் வைத்த சிவப்புப் பொட்டு இருந்த இடத்தில் இப்போது நீலம் இருந்தது.

அப்படியென்றால் திருகைக் கழற்றியிருக்கிறார்கள். அண்ணியின் அகலமான உடம்புக்குத் தோதாகக் கையைத் தளர்த்தி மாட்டியிருக்கிறார்கள். தன் அளவை அழித்துவிட்டுத் தன் பொட்டையும் அழித்துவிட்டார்கள்.

பொறாமைப்படுகிறவர்களிடம் ஒரு சங்கடம். யாரிடமும் கேட்டுத் தெரிந்துகொள்ள மாட்டார்கள். தீர்ப்பை முதலில் எழுதிவிட்டு அப்புறம்தான் சாட்சியைத் தேடுவார்கள். வாலுவுக்கு நீலப் பொட்டே போதுமான சாட்சியாக இருந்தது. அண்ணனுக்கு ஒரு போன் போட்டுக் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை.

திருப்புளியை எடுத்தாள். முதலில் பொட்டை ஊசியால் சுரண்டினாள். நீலம் செதில் செதிலாக உதிர்ந்தது. அடியில் ஏதோ சிவந்து தெரிந்தது. துரு என்று நினைத்து ஊதித் தள்ளினாள்.

மோட்டாரின் அச்சைச் சுற்றிலும் பொடிப்பொடியாகப் பல் வெட்டியிருக்கும். கையின் துளைக்குள்ளும் அதே பல். எந்தப் பல்லில் கையை மாட்டுகிறோமோ அதைப் பொறுத்துத்தான் பெல்ட்டின் இறுக்கம். கையை உருவி, இறுக்கத்தின் பக்கமாக ஒரு பல் தள்ளி மாட்டினாள். இரண்டு மோட்டாரிலும் அப்படியே செய்தாள்.

உட்கார்ந்து பார்த்தாள். கொஞ்சம் பரவாயில்லை. இன்னும் ஒரு பல் தள்ளலாமா என்று கை துறுதுறுத்தது.

இது தன் அளவைத் திருப்பிக்கொள்வதுதான், வேறொன்றுமில்லை என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். அது முழுக்க நிஜமில்லை என்பதும் அவளுக்குத் தெரியும். அண்ணி உட்காருவாள், முதல் இழுப்பிலேயே வலி தாங்காமல் எழுந்துகொள்வாள், வந்தவர் முகத்தைச் சுளிப்பார், அண்ணன் முழிப்பான். அப்போது தான் எழுந்து, 'நகருங்க அண்ணி, நான் உட்கார்றேன்' என்று சொல்ல வேண்டும். இந்தக் காட்சியை மனசுக்குள் ஓட்டிப் பார்த்தபோது அவளுக்கு இனித்தது. அதைச் சொல்லாமல் மறைத்தால் இந்தக் கதையை எழுதுவதில் அர்த்தமில்லை.

நீல நெயில் பாலிஷ் அண்ணியின் கண்ணாடி மேஜையில் இருந்தது. எடுத்து வந்து இரண்டு திருகுக்கும் பொட்டு வைத்தாள். அவசரத்தில் பாட்டில் சரிந்து கட்டைவிரலில் வழிந்துவிட்டது. துடைத்துக்கொண்டிருக்கும்போதே வாசலில் சாவி திரும்பியது.

*

வந்தது அண்ணி. சொன்ன நேரத்துக்கு முன்னாலேயே வந்துவிட்டாள். கையைக் கழுவிவிட்டு வெங்காயம் உரிக்க உட்கார்ந்தாள். வாலுவும் ஒரு வெங்காயத்தை எடுத்துக்கொண்டு எதிரில் உட்கார்ந்தாள். எந்தக் குற்றவாளிக்கும் வருகிற சுறுசுறுப்பு அவளுக்கும் வந்திருந்தது.

அண்ணியின் பார்வை அவள் கட்டைவிரலில் ஒரு நொடி நின்றது. அப்புறம் வெங்காயத்துக்குத் திரும்பியது.

"உனக்கு நீலம் நல்லாத்தான் இருக்கு" என்றாள்.

வாலு விரலை மடக்கிக்கொண்டாள். அண்ணி அதற்கு மேல் எதுவும் கேட்கவில்லை. நாளைக்கு என்ன சமைக்கலாம் என்று பேச ஆரம்பித்துவிட்டாள்.

அண்ணன் வியர்த்து விறுவிறுத்து வந்து சேர்ந்தபோது விளையாட்டுக்கூடக்காரரும் கூடவே வந்துவிட்டார். வழி தெரியாமல் தெருமுனையில் நின்றவரை அழைத்து வந்திருந்தான். அதனால் முன்கூட்டி உட்கார்ந்து பார்க்கிற யோசனை அடிபட்டுப் போனது. வந்தவர் நல்ல பருமன், நல்ல சிரிப்பு. இப்படி எத்தனையோ பேர் காட்டினார்கள், எல்லாம் நாற்காலியைக் குலுக்குகிறதே தவிர வண்டி ஓட்டுகிற மாதிரி இல்லை என்று ஆரம்பத்திலேயே சொல்லிவிட்டார்.

அண்ணன் வாதாடுகிறவன் இல்லை. பேச்சு அவனுக்கு வராது. கண்கட்டுத் துணியை எடுத்து அண்ணியிடம் நீட்டினான்.

அண்ணி போய் உட்கார்ந்தாள். பெல்ட்டைப் பூட்டும்போது அவள் கை கொஞ்சம் திணறியது. மூச்சை உள்ளே இழுத்துக்கொண்டு பூட்டினாள். வாலு கதவோரமாக நின்றாள். எங்கே நின்றால் சட்டென்று முன்னால் போகலாமோ அங்கே நின்றாள்.

அண்ணன் சுற்றை நடுவிலிருந்து ஓட விட்டான். எங்கிருந்து தொடங்குகிறான் என்று அண்ணிக்குத் தெரியாது. திரையில் கார் நேர்ச்சாலையில் பாய்ந்தது. இரண்டு மோட்டார்களும் சேர்ந்து கீச்சென்றன. பெல்ட் அண்ணியின் தோளில் அமுங்கியது. அவளுடைய கால் விரல்கள் தரையில் மடங்கின.

இப்போது எழுந்துகொள்வாள் என்று வாலு ஒரு காலை எடுத்து முன்னால் வைத்தாள்.

"வாத்தியார்" என்றாள் அண்ணி.

வந்தவர் திரையைப் பார்த்தார். அது என்ன வாத்தியார் என்று கேட்டார். பிரேக்கை மிதித்துத் திரும்புகிற வளைவு, சரிதான் என்று அண்ணன் விளக்கினான்.

"தூங்குமூஞ்சி… முடிஞ்சுது… இப்ப ஜலதோஷம்."

எல்லாம் சரியாக இருந்தது. வாலு வைத்த பெயர்கள் ஒவ்வொன்றாக அண்ணியின் வாயிலிருந்து வந்தன. தன் புடவையைக் கட்டிக்கொண்டு இன்னொருத்தி கல்யாண வீட்டில் நடமாடுவதைப் பார்க்கிற மாதிரி இருந்தது வாலுவுக்கு. அதிலும் அந்தப் புடவை அவளுக்குப் பொருந்தித் தொலைக்கிறதே என்பதுதான் தாங்க முடியவில்லை.

அடுத்த வளைவு இடது தோளை இழுத்தது, விட்டது, போனால் போகிறதென்று நினைக்கும்போது வலது தோளைப் பிடுங்கியது. வாலு பெயர் வைக்காமல் விட்ட ஒரே வளைவு அது.

"நாத்தனார்" என்றாள் அண்ணி.

வந்தவர் தொடையைத் தட்டிச் சிரித்தார். அண்ணன்கூடச் சிரித்துவிட்டான். வாலுவும் சிரிக்க வேண்டியதாயிற்று. கண் கட்டியிருந்த முகத்தில் அண்ணி மட்டும் சிரிக்கவில்லை. மேலுதட்டில் வியர்வை அரும்பியிருந்தது.

சுற்று முடிந்தது. ஒரு வளைவுகூடத் தப்பவில்லை. வந்தவர் தானும் உட்கார்ந்து பார்க்க வேண்டும் என்று ஆசைப்பட்டார். அவர் உடம்புக்கு அந்த பெல்ட் பூட்டவே பூட்டாது என்று அண்ணன் பணிவாகச் சொன்னான். சரி, கூடத்துக்கு வந்து மாட்டுங்கள், எல்லா நாற்காலிக்கும் வேண்டும் என்று அவர் அங்கேயே சொல்லிவிட்டார்.

கிளம்பும்போது வாசலில் நின்று ஒன்று கேட்டார். மாட்டிவிட்டுப் போனால் போதாது, வருகிறவர்களின் உடம்புக்குத் தக்கபடி பெல்ட்டைச் சரிபார்த்துக் கொடுக்க, தோளிலேயே வண்டியைத் தெரிந்துகொள்கிற ஆள் ஒருவர் கூடத்தில் இருக்க வேண்டும், சம்பளம் தாராளமாகத் தருகிறேன் என்றார்.

"இந்த அம்மாவை அனுப்ப முடியுமா?"

அண்ணன் அண்ணியைப் பார்த்தான். அந்தப் பார்வை வாலுவுக்குப் பழக்கமானது. கஷ்டமான மோட்டார் ஒன்று முதல் முறையாக அவன் சொன்னபடி கேட்கும்போது அப்படித்தான் பார்ப்பான். முன்பெல்லாம் அந்தப் பார்வை முடிந்ததும் தங்கையின் பக்கம் திரும்பி, 'எப்படி?' என்று புருவத்தைத் தூக்குவான். இன்று திரும்பவில்லை.

யோசித்துச் சொல்கிறேன் என்றாள் அண்ணி. அண்ணன் அவரைத் தெருமுனை வரை கொண்டுவிடப் போனான்.

வாலு நின்ற இடத்திலேயே நின்றாள். அவள் எந்த வேலையைக் கேட்க நினைத்து வந்தாளோ, அது அவள் கேட்காமலே வாசல் தேடி வந்தது. வந்து அடுத்தவள் மடியில் விழுந்தது. அவளுக்கு அழுகைகூட வரவில்லை. வந்திருந்தால் கொஞ்சம் ஆறியிருக்கும்.

"வாலு, ப்ரிட்ஜ்ல இருந்து ஐஸ் எடுத்துட்டு இங்க வா" என்று பின்னறையிலிருந்து குரல் வந்தது.

*

அண்ணி கதவைச் சாத்திவிட்டு ரவிக்கையின் தோளை விலக்கினாள். இரண்டு பக்கமும் பெல்ட்டின் அகலத்துக்குச் சிவந்து தடித்திருந்தது. அந்தச் சிவப்புக்கு அடியில் பழைய கன்றல் கறுப்பாகவும் மஞ்சளாகவும் கிடந்தது. அது இன்றைக்கு வந்ததில்லை.

வாலு ஐஸ் துண்டை வைத்துக்கொண்டு நின்றாள்.

"ஒத்தடம் குடு. ஏன் நிக்கற?"

"தெரிஞ்சே உட்கார்ந்தீங்களா அண்ணி?"

"கட்டைவிரல்ல நீலத்தோட எதிர்ல உட்கார்ந்து வெங்காயம் உரிச்சியே. தெரியாம இருக்குமா?"

"அப்ப ஏன் சொல்லல? எழுந்திருச்சிருக்கலாமே."

"எழுந்திருச்சா நீ ஜெயிச்சிருப்ப" என்றாள் அண்ணி. "அதான் எழுந்திருக்கல."

இப்படி ஒரு பதிலை வாலு எதிர்பார்க்கவில்லை. நான் பெரியவள், மன்னித்தேன் என்கிற மாதிரி ஏதாவது வரும், அதற்கு ஒரு வெட்டு வெட்டலாம் என்று தயாராக இருந்தாள். அண்ணியின் முகத்தில் மன்னிப்பு எதுவும் இல்லை. அவளுக்கும் எரிந்துகொண்டுதான் இருந்தது.

"என் அளவை மாத்திட்டீங்க. அதான் செஞ்சேன்" என்றாள் வாலு.

"யார் மாத்தினா?"

"நீலப் பொட்டு இருந்துச்சே."

அண்ணி எழுந்து அலமாரியிலிருந்து ஒரு பழைய பெல்ட்டை எடுத்து வந்தாள். நைந்து பிரிந்த பெல்ட், நுனியில் அடையாளத்துக்கு வாலு தடவிய சிவப்பு இன்னும் இருந்தது. அதை நாற்காலியில் இருந்த புதிய பெல்ட்டின் மேல் வைத்து, நுனியோடு நுனி சேர்த்துப் பிடித்தாள். மயிரிழை வித்தியாசமில்லை.

"உன்னோட பழசை மேல வச்சுத்தான் வெட்டினேன். திருகைத் தொட உங்க அண்ணன் என்னை விட்டதே இல்ல. சிவப்பு கொஞ்சம் உரிஞ்சு வந்துது, அது மேலயே என்கிட்ட இருந்த நீலத்தை வச்சேன். சுரண்டும்போது அடியில சிவப்பு வரலையா?"

துரு என்று ஊதித் தள்ளியது வாலுவுக்கு ஞாபகம் வந்தது.

"ஒரு வருஷமா உன் அளவுலதான் உட்கார்றேன்" என்றாள் அண்ணி. "என் தோள் உன்னோடதைவிட அகலம். தினமும் கன்னிப் போகுது. ஒரு பல் தளர்த்துங்கன்னு கேட்டா, அது வாலு அளவு, அதுல கை வைக்காதேங்கறார். என் வீட்ல, என் புருஷன் பக்கத்துல, நீ விட்டுட்டுப் போன இடத்துல இடுங்கி உட்கார்ந்திருக்கேன். எனக்கு எப்படி இருக்கும்னு நெனக்கற? நாத்தனார்னு ஒரு வளைவுக்குப் பேர் வச்சேனே, சும்மாவா வச்சேன்?"

வாலுவுக்குச் சிரிப்பும் வந்தது, வேறு ஏதோவும் வந்தது. ஒரு வருடமாகத் தன்னைப் பார்த்து இவ்வளவு பொறாமைப்பட ஓர் ஆள் இருந்திருக்கிறாள். அது தெரியாமல் போய்விட்டதே என்று இருந்தது.

ஆனால் ஒரு கணக்கு இடித்தது. அளவு மாறவில்லை, பெல்ட் மாறவில்லை என்றால், காலையில் ஏன் அது தோளில் தொங்கியது?

அதைக் கேட்க அவள் வாயைத் திறப்பதற்குள் அண்ணி நாற்காலியைக் காட்டினாள்.

"உட்காரு."

உட்கார்ந்தாள். அண்ணியே பெல்ட்டைப் போட்டுப் பூட்டினாள். பிறகு பெல்ட்டுக்கும் தோளுக்கும் நடுவில் தன் உள்ளங்கையை நுழைத்தாள். தடையில்லாமல் நுழைந்தது.

"நீ இறுக்கின பிறகும் என் கை முழுசா உள்ள போகுது" என்றாள். "நாற்காலி மாறல வாலு. நீதான் பாதியாயிட்ட."

வந்த அன்று எல்லோரும் மெலிந்து அழகாகிவிட்டாய் என்றுதான் சொன்னார்கள். அண்ணனும் அதைத்தான் சொன்னான். பக்கத்து வீட்டுக்காரம்மா என்ன சாப்பிடுகிறாய், எனக்கும் சொல்லேன் என்றுகூடக் கேட்டாள்.

"அங்க சாப்பாடு போடறாங்களா இல்லையா?"

"போடறாங்க."

"அப்புறம்?"

பெல்ட் பூட்டியபடியே இருந்தது. அண்ணியின் கை இன்னும் அதற்குள்ளேயே இருந்தது. எழுந்து போகவும் வழியில்லை. வாலு நீலம் படிந்த கட்டைவிரலைத் தேய்த்துக்கொண்டே சொன்னாள்.

"நான் போய் உட்கார்ந்தா எல்லாரும் எழுந்திருச்சிடறாங்க அண்ணி. திட்றதில்ல, அடிக்கறதில்ல. தட்டை எடுத்துக்கிட்டு எழுந்திருச்சிடுவாங்க. அவரும்தான். முதல்ல தனியா சாப்பிட்டுப் பார்த்தேன். அப்புறம் எறங்கல."

ஏன் என்று அண்ணி கேட்டாள். அதற்கான பதில் வாலுவிடம் இருந்தது. அதைச் சொல்ல இன்னும் கொஞ்ச நேரம் வேண்டியிருந்தது. வாசற்கதவு திறந்ததால் இந்த வாரம் அந்த நேரம் கிடைக்கவில்லை.

அண்ணன் வாயெல்லாம் பல்லாக வந்தான். அவன் அவ்வளவு சந்தோஷமாக இருந்து வாலு பார்த்ததில்லை. தெருமுனையில் நின்றே ஒரு நல்ல காரியமும் செய்துவிட்டு வந்ததாகச் சொன்னான்.

"மாப்பிள்ளைக்குப் போன் போட்டு ஆர்டர் கிடைச்ச விஷயத்தைச் சொன்னேன். அவருக்கும் சந்தோஷம். நாளைக்குக் காலையிலேயே வந்து வாலுவைக் கூட்டிட்டுப் போறாராம்."

வாலு பெல்ட்டுக்குள்ளேயே உட்கார்ந்திருந்தாள். தோள் இரண்டும் இன்னும் சின்னதாக ஒடுங்கின. அது பக்கத்தில் கை வைத்திருந்த அண்ணிக்கு மட்டும் தெரிந்தது.

"வரட்டும்" என்றாள் அண்ணி. "வந்து காபி குடிச்சிட்டுப் போகட்டும். வாலு வரமாட்டா. நாற்காலிக்கு அவ தோளை வச்சுப் புதுசா அளவெடுக்கணும்."

எவ்வளவு சுலபமாகச் சொல்லிவிட்டாள். வந்ததிலிருந்து வாலு வாய்க்குள் வைத்து மென்றுகொண்டிருந்த வாக்கியம் அது. நன்றி சொல்ல வேண்டிய அந்த நேரத்திலும் அண்ணியைப் பார்க்க அவளுக்குப் பொறாமையாகத்தான் இருந்தது.

"புது அளவு எதுக்கு?" என்றான் அண்ணன். "இருக்கறதே வாலு அளவுதானே?"

"அது நீங்க கட்டிக் குடுத்து அனுப்பின வாலு அளவு. இவளைப் பாருங்க."

லிப்ட் கம்பியில் நூலளவு தளர்ச்சி இருந்தாலும் கீழே நின்றபடியே கண்டுபிடித்துவிடுகிறவன் அவன். தங்கை வந்து இறங்கியதிலிருந்து இப்போதுதான் அவளை முதல் முறையாக உற்றுப் பார்த்தான். பெல்ட்டையும், அதற்கும் தோளுக்கும் நடுவில் முழுசாகப் போயிருந்த மனைவியின் கையையும் பார்த்தான். அவன் முகத்திலிருந்த சிரிப்பு மெதுவாக வடிந்தது. கையிலிருந்த போனைப் பார்த்தான்.

"நான் என்ன பண்ணிட்டேன்?" என்று கேட்டான்.

"போன் பண்ணிட்டீங்க" என்றாள் அண்ணி.